எஃப்டி ஆர்எக்ஸ்-7 வேக்குவம் ஹோஸ்: எந்தக் கோளாறுக்கு எங்க பாக்கணும்

மஸ்டா ஆர்எக்ஸ்-7 எஃப்டி3எஸ் வச்சிருக்கறவங்க எல்லாரும் ஒரு நாள் இந்த இடத்துக்கு வந்துதான் ஆகணும். வண்டி ஸ்டார்ட் ஆகுது, ஓடுது, ஆனா டர்போ பாதிதான் வேலை செய்யுது. பத்து பேர்கிட்ட கேட்டா பத்து பதில் வரும். டர்போவை நடத்தற வேக்குவம் ஹோஸ் (சின்ன ரப்பர் குழாய்) மொத்தத்தையும் மாத்திடுன்னு ஒருத்தர், ரெண்டு டர்போ ஒண்ணுக்கப்பறம் ஒண்ணு வர்ற சீக்வென்ஷியலே வேணாம் கழட்டிப் போடுன்னு ஒருத்தர், சிங்கிள் டர்போ போட்டுடு நிம்மதின்னு இன்னொருத்தர். இதுல எதைப் பண்றதுக்கும் முன்னாடி ஒரு பூஸ்ட் கேஜ் (டர்போ தள்ற கூடுதல் காத்துப் பிரஷரைக் காட்டற மீட்டர்) மாட்டி, எந்த ஆர்பிஎம்ல முள் எங்க நிக்குதுன்னு பாருங்க. எந்த ஆக்சுவேட்டருக்கு (காத்தால ராடை நகத்தி கதவைத் திறந்து மூடற உறுப்பு) காத்து போய்ச் சேரலன்னு அந்த முள்ளே முக்கால்வாசி சொல்லிடும், அப்பறம் கை வைக்க வேண்டியது ரெண்டு மூணு ஹோஸ்லதான் இருக்கும். கண்ணை மூடிட்டு எல்லா ஹோஸையும் உருவினவங்க நிறைய பேருக்கு பழைய கோளாறு போய் புதுசா ரெண்டு வந்து சேந்ததுதான் மிச்சம்.

முதல்ல இது எப்படி ஓடுதுன்னு தெரிஞ்சுக்கங்க

1991 கடைசில ஜப்பான்ல வந்த வண்டி, 2002 வரைக்கும் தயாரிச்சாங்க, அமெரிக்கால 1993லருந்து 1995 மாடல் வரைக்கும்தான் வித்தாங்க. எஞ்சின் 13பி-ஆர்இடபிள்யூ, 654 சிசி ரோட்டார் ரெண்டு. அதுல ரெண்டு ஹிட்டாச்சி டர்போ, ரெண்டும் ஒண்ணா சுத்தாது, ஒண்ணுக்கப்பறம் ஒண்ணு. கீழ் ஆர்பிஎம்ல புகை முழுக்க முதல் டர்போவுக்கே போகும், அதனாலதான் 2000 பக்கத்துலயே இழுவை வந்துடுது. சுமார் 4500ல ரெண்டாவது டர்போவும் சேந்துக்கும், அங்கருந்து 8000 வரைக்கும் ரெண்டும் சேந்து தள்ளும்.

நல்லா இருக்கற ஸ்டாக் வண்டில கேஜ் காட்டறது 10, 8, 10. அதாவது முதல் டர்போ மட்டும் இருக்கறப்ப 10 பிஎஸ்ஐ, கை மாறற நேரத்துல ஒரு நொடி 8க்கு இறங்கி மறுபடி 10. பார் கணக்குல பாக்கறவங்களுக்கு 0.7, 0.55, 0.7. 1999ல ஜப்பான்ல வந்த 280 பிஎஸ் (குதிரை சக்தி) மாடல்ல எண் கொஞ்சம் கூட இருக்கும், ஆனா வடிவம் இதேதான்.

இந்தக் கை மாறலை நடத்தறது அஞ்சு உறுப்பு. பேரை மனசுல வச்சுக்கங்க, கீழ எல்லாம் இதுதான் வரும்.

டர்போ கன்ட்ரோல் ஆக்சுவேட்டர், இது ரெண்டாவது டர்போவுக்குப் புகையைத் திறந்து விடற கதவு. சும்மா இருக்கறப்ப மூடியே இருக்கும். ஒரு பக்கம் பிரஷர் தள்ளணும், மறுபக்கம் வேக்குவம் இழுக்கணும், ரெண்டும் சேந்தாதான் ஒழுங்கா திறக்கும்.

சார்ஜ் கன்ட்ரோல் வால்வ், ரெண்டாவது டர்போலருந்து வர்ற காத்தை இன்டேக்குக்குள்ள விடற கதவு. இது நேர் எதிர், ஸ்பிரிங் இதைத் திறந்தே வச்சிருக்கும், வேக்குவம் குடுத்தாதான் மூடும். இந்த ஒரு வரியை மறக்காதீங்க, பாதி குழப்பம் இங்கதான்.

சார்ஜ் ரிலீஃப் வால்வ், ரெண்டாவது டர்போ வேலைக்கு வர்றதுக்கு முன்னாடி சும்மா சுத்தறப்ப உண்டாகற காத்தை வெளிய விடும், கை மாறறப்ப மூடிக்கும். ப்ரீகன்ட்ரோல், ரெண்டாவது டர்போவை முன்கூட்டியே கொஞ்சம் சுத்த வைக்க புகையை லேசா கசிய விடற சின்னக் கதவு, 4500க்குக் கீழ பூஸ்ட் எவ்ளோங்கறதை இதுதான் பிடிச்சு வைக்குது. அதுக்கு மேல அந்த வேலை வேஸ்ட்கேட்டோடது, அதிகப் புகையை டர்போவுக்குப் போகாம வெளிய திருப்பி விடற கதவு.

இதுக்கெல்லாம் காத்து எங்கருந்து வருதுன்னா, ஒரு வேக்குவம் டேங்க், ஒரு பிரஷர் டேங்க், ரெண்டுக்கும் முன்னாடி ஒருவழி செக் வால்வ். பூஸ்ட்ல இருக்கறப்ப மேனிஃபோல்டுல (எஞ்சினுக்குள்ள காத்து போற குழாய்) வேக்குவம் கிடையாதுல்ல, அப்ப சார்ஜ் கன்ட்ரோல் வால்வை மூடி வைக்க ஏற்கனவே சேத்து வச்ச வேக்குவம்தான் வேணும். அந்த டேங்க்ல ஓட்டை இருந்தாலோ செக் வால்வ் போயிருந்தாலோ மத்த ஹோஸெல்லாம் புத்தம்புதுசா இருந்தும் பிரயோஜனம் இல்ல.

சாலினாய்டுகளும் (கரண்ட் குடுத்தா காத்து போற வழியை மாத்தற சின்ன வால்வ்கள்) இந்த ஹோஸ் கூட்டமும் மேல் இன்டேக் மேனிஃபோல்டுக்கு அடில இருக்கு, ரேட்ஸ் நெஸ்ட், அதாவது எலிக்கூடுன்னு எல்லாரும் சொல்றது அதைத்தான். பக்கத்துலயே ரெண்டு டர்போ, அந்தச் சூட்டுல முப்பது வருஷம் வெந்த ரப்பர், முறுக்கு மாதிரி படக்குனு ஒடியும்.

கையில என்ன இருக்கணும்

பூஸ்ட் கேஜ், அதுல வேக்குவமும் காட்டணும். கையால அழுத்தற வேக்குவம் பம்ப், கேஜ் உள்ளது, பிரஷரும் குடுக்கறதா இருந்தா ரொம்ப நல்லது. போன் கேமரா, டார்ச், மாஸ்கிங் டேப், பேனா. அமெரிக்க வண்டின்னா பேனட்டுக்கு அடில வேக்குவம் ஹோஸ் படம் ஒட்டியிருக்கும், ஸ்டிக்கர் கிழிஞ்சிருந்தா சர்வீஸ் மேனுவல்ல இருக்கறதை எடுத்துக்கங்க. உங்க வண்டியோட வருஷம், எந்த நாட்டுக்கு வந்ததுன்னு பாத்து எடுங்க. எமிஷன் சம்பந்தப்பட்ட ஹோஸ்கள் நாட்டுக்கு நாடு மாறும், ஜப்பான் வண்டிக்கு அமெரிக்கப் படத்தை வச்சுப் பாத்தா இல்லாத நிப்பிளை (ஹோஸ் மாட்டற குட்டிக் குழாய் முனை) தேடிட்டு உக்காந்திருப்பீங்க.

எஞ்சின் லைட் எரியலயே, அப்ப சாலினாய்டு நல்லாத்தான் இருக்கும்னு நினைக்காதீங்க. ஈசியு (எஞ்சினை நடத்தற கம்ப்யூட்டர்) பாக்கறது சாலினாய்டுக்குப் போற கரண்ட்டை மட்டும்தான். வயர் அறுந்தா கோட் குடுக்கும், ஹோஸ் கழண்டு தொங்கினா அதுக்கு ஒண்ணும் தெரியாது.

ஓட்டிப் பாக்கறது மூணாவது கியர்ல, 2500லருந்து முழுசா மிதிச்சு 7000 வரைக்கும். டிராக்லயோ ஆள் இல்லாத இடத்துலயோ பண்ணுங்க, பக்கத்துல ஒருத்தரை உக்கார வச்சு கேஜை வீடியோ எடுக்கச் சொல்லுங்க. ஓட்டறவரு கேஜைப் பாத்துட்டே ஓட்டறதெல்லாம் வேண்டாத வேலை.

4500 வரைக்கும் நல்லா போகுது, அதுக்கு மேல செத்துடுது

இதுதான் ரொம்ப ரொம்ப சகஜம். 10 காட்டுது, 4500ல சர்ருனு 4க்கோ 3க்கோ விழுது, அப்பறம் ஏறவே மாட்டேங்குது. ரெண்டாவது டர்போ போச்சுன்னு முடிவு கட்டி புது டர்போவுக்கு விலை விசாரிக்காதீங்க. பெரும்பாலும் ரெண்டாவது டர்போவுக்கு வேலைக்கு வான்னு யாரும் சொல்லல, அவ்ளோதான் விஷயம்.

டர்போ நல்லா இருக்கா, கன்ட்ரோல்தான் கோளாறான்னு பிரிச்சுப் பாக்க ஒரு சுருக்கு வழி இருக்கு. டர்போ கன்ட்ரோல் ஆக்சுவேட்டரோட ராடை கம்பி போட்டு திறந்த நிலையில கட்டிடுங்க, சார்ஜ் கன்ட்ரோல் ஆக்சுவேட்டர் ஹோஸை உருவி ஹோஸ் வாயை அடைச்சிடுங்க, வேக்குவம் இல்லாததால வால்வ் தானா திறந்துக்கும், ரிலீஃப் வால்வ் வழியா காத்து போகாம அதையும் அடைச்சிடுங்க. இப்ப ரெண்டு டர்போவும் சேந்தே சுத்தும். ஓட்டிப் பாத்தா கீழ மந்தமா இருக்கும், அது அப்படித்தான் இருக்கும், ஆனா மேல போகப் போக முழு பூஸ்ட் வந்துச்சுன்னா டர்போ ரெண்டும் உயிரோட இருக்கு, கோளாறு ஹோஸ்லயோ சாலினாய்டுலயோ ஆக்சுவேட்டர்லயோதான். அப்பவும் வரலன்னா பைப் ஜாயின்ட், இன்டர்கூலர், டர்போ, இந்தப் பக்கம் தேடுங்க.

கன்ட்ரோல்தான்னு தெரிஞ்சாச்சுன்னா மூணு சந்தேகம். புகைக் கதவு (டர்போ கன்ட்ரோல்) திறக்கல, காத்துக் கதவு (சார்ஜ் கன்ட்ரோல்) திறக்கல, ரிலீஃப் மூடல.

புகைக் கதவை முதல்ல பாருங்க. ஆக்சுவேட்டரோட வேக்குவம் பக்க நிப்பிள்ல பம்பை மாட்டி இழுங்க, ராட் நகரணும், பம்ப் முள் அப்படியே நிக்கணும். முள் மெதுவா இறங்குதுன்னா உள்ள இருக்கற ரப்பர் டயஃப்ராம் கிழிஞ்சிருக்கு. முள் நிக்குது ராட் அசையலன்னா கதவோட தண்டு துருப்பிடிச்சு இறுகியிருக்கு, இது ரொம்ப நாள் சும்மா நிறுத்தி வச்ச வண்டில சகஜம். ரெண்டும் நல்லாருந்தா பிரஷர் பக்க ஹோஸை பிரஷர் டேங்க் வரைக்கும் பின்தொடர்ந்து போங்க, வழியில இருக்கற செக் வால்வைக் கழட்டி வாயில வச்சு ஊதுங்க. ஒரு பக்கம் போகணும், மறு பக்கம் துளிகூடப் போகக் கூடாது. ரெண்டு பக்கமும் போனா வால்வ் போச்சு, ரெண்டு பக்கமும் போகலன்னா அடைச்சிருக்கு, ஒரு பக்கம் மட்டும் போனா சந்தோஷம், ஆனா அது சரியான பக்கமா பாத்துத் திரும்ப மாட்டுங்க. திருப்பி மாட்டின செக் வால்வ்தான் நிறைய "எல்லா ஹோஸும் மாத்திட்டேன் இன்னும் வரல" கதைகளுக்குப் பின்னாடி இருக்கு. பிரஷர் டேங்க் செக் வால்வ் டேங்க் பக்கமா காத்தை விடணும், வேக்குவம் டேங்க் செக் வால்வ் டேங்க்லருந்து மேனிஃபோல்டு பக்கமா விடணும். இதை யோசிச்சுப் பாத்தா படம் இல்லாமயே திசை புரிஞ்சிடும்.

காத்துக் கதவு மூடியே கிடக்குதுன்னா சத்தம் வேற மாதிரி வரும். ரெண்டாவது டர்போ சுத்துது, காத்துக்குப் போக்கிடம் இல்ல, 4500 பக்கத்துல படபடன்னு இன்டேக் பக்கமா அடிக்கும். அப்படிக் கேட்டா சார்ஜ் கன்ட்ரோல் சாலினாய்டைப் பாருங்க, வேக்குவத்தை விடாம பிடிச்சு வச்சிருக்கு. சத்தமே இல்லாம சும்மா பூஸ்ட் இல்லன்னா புகைக் கதவு பக்கம் சந்தேகம் கூடும்.

கீழயே பூஸ்ட் இல்ல, மேல போனா சரியாகுது

4500க்குக் கீழ 5, 6 தான் காட்டுது, மெதுவா ஏறுது, அதுக்கு மேல 10 வந்துடுது. மேல சொன்ன ஒரு வரி ஞாபகம் இருக்கா, சார்ஜ் கன்ட்ரோல் வால்வ் வேக்குவம் இருந்தாதான் மூடும். அந்த ஹோஸ் கழண்டிருந்தா கதவு எப்பவும் திறந்தே கிடக்கும், முதல் டர்போ தள்ற காத்து சும்மா நிக்கற ரெண்டாவது டர்போ வழியா பின்பக்கமா ஓடிடும்.

எஞ்சினை ஐடில்ல விட்டு அந்த ஆக்சுவேட்டர் ராடைப் பாருங்க, உள்ள இழுத்த நிலையில இருக்கணும். இல்லன்னா ஹோஸை உருவி விரல் வைங்க, உறிஞ்சுதா? உறிஞ்சுது ஆனா ராட் வரலன்னா ஆக்சுவேட்டர். உறிஞ்சலன்னா சாலினாய்டு, டேங்க், டேங்குக்கு வர்ற ஹோஸ், இந்த வரிசையில பின்னாடி போங்க.

இன்னொரு வாய்ப்பு, புகைக் கதவு முழுசா மூடாம இருக்கறது. அப்ப புகை ரெண்டு டர்போவுக்கும் பங்கு போகுது, கீழ மந்தம். யாராவது முன்னாடி கம்பி போட்டுக் கட்டி டெஸ்ட் பண்ணிட்டு அவுக்காம விட்டிருந்தா இதேதான் நடக்கும். வாங்கின பழைய வண்டின்னா ஒரு தடவை எட்டிப் பாத்துடுங்க.

சின்னதா மிதிச்சா நல்லாருக்கு, நீட்டி இழுத்தா பூஸ்ட் சரியுது

மேட்டுல 3000, 3500லயே ரொம்ப நேரம் முழுசா மிதிச்சுட்டு போறப்ப முதல்ல 10 இருந்து அப்பறம் மெல்ல மெல்ல 7, 6ன்னு வருதுன்னா வேக்குவம் டேங்க் காலியாகுது. சேத்து வச்சது கசியற வரைக்கும் கதவு மூடியிருக்கு, கசிஞ்சதும் திறந்துக்குது. ஆக்சிலேட்டரை ஒரு நிமிஷம் விட்டு மறுபடி மிதிச்சா திரும்ப நல்லாருக்கும். கிட்டத்தட்ட எப்பவும் இது வேக்குவம் டேங்க் செக் வால்வ், இல்லன்னா அந்த டேங்கோட நிப்பிள்ல மயிரிழை வெடிப்பு. டேங்க்கைப் பம்பால இழுத்து வச்சுட்டு டீ குடிச்சுட்டு வந்து பாருங்க, முள் அங்கயே நிக்கணும்.

எங்க பாத்தாலும் 7 தான்

கீழயும் 7, மேலயும் 7, கை மாறறதெல்லாம் ஒழுங்கா நடக்குது. ஹோஸ் மாத்தின உடனே இது வந்துச்சுன்னா பழைய ஹோஸ்களைக் குப்பைலருந்து எடுங்க, நிஜமாத்தான் சொல்றேன். வேஸ்ட்கேட்டுக்கும் ப்ரீகன்ட்ரோலுக்கும் போற ஹோஸ்ல உள்ளுக்குள்ள ஒரு குட்டி உலோகத் துண்டு இருக்கும், நடுவுல ஊசி ஓட்டை. வெளிய இருந்து பாத்தா தெரியாது, ஹோஸை விரலால நசுக்கிட்டே வந்தா ஒரு இடத்துல கட்டியா தட்டுப்படும். ரெஸ்ட்ரிக்டர் பில்லுனு சொல்லுவாங்க.

அது எதுக்குன்னா, ஆக்சுவேட்டருக்குப் போற பிரஷர்ல கொஞ்சத்தை சாலினாய்டு வெளிய விட்டு, ஆக்சுவேட்டரை ஏமாத்தி பூஸ்ட்டை 10 வரைக்கும் ஏத்துது. ஊசி ஓட்டை இருந்தாதான் வர்றதை விட வெளிய போறது சமாளிக்கும். அந்தத் துண்டு இல்லாத புது ஹோஸ் போட்டா பிரஷர் தாராளமா வந்துடும், சாலினாய்டு எவ்ளோ விட்டாலும் போதாது, ஆக்சுவேட்டர் ஸ்பிரிங் எவ்ளோவோ அவ்ளோதான் பூஸ்ட். பழைய ஹோஸைக் கீறி அந்தத் துண்டை எடுத்து, சுத்தம் பண்ணி, புது ஹோஸ்ல அதே இடத்துல தள்ளி வைங்க. ஓட்டையைப் பெருசாக்கறது, சின்னதாக்கறதுன்னு பூஸ்ட்டோட விளையாடறவங்க இருக்காங்க, முதல்ல ஸ்டாக்குக்கு வாங்க, மத்ததெல்லாம் அப்பறம்.

பூஸ்ட் தாறுமாறா ஏறுது, வண்டி செவுத்துல முட்டின மாதிரி கட் ஆகுது

அதுக்கு மேல மிதிக்காதீங்க. 4500க்குக் கீழயே 12, 13ன்னு போகுதுன்னா ப்ரீகன்ட்ரோல் ஆக்சுவேட்டருக்குப் பிரஷர் போகல. மேல போனப்பறம் ஏறினா வேஸ்ட்கேட். ஹோஸ் கழண்டிருக்கும், கிழிஞ்சிருக்கும், இல்ல ரெஸ்ட்ரிக்டர்ல அழுக்கு அடைச்சிருக்கும். பெட்ரோல் கட் ஆகறது ஈசியு உங்க எஞ்சினைக் காப்பாத்தறதுக்குப் பண்றது, அதை எடுத்து விடற டப்பாவை வாங்கி மாட்டறது முட்டாள்தனம்.

ஹோஸெல்லாம் சரியா இருந்தும் மேல மட்டும் மெல்ல மெல்ல ஏறிட்டே போகுதா, எக்ஸாஸ்ட்ல என்ன மாத்தினீங்கன்னு யோசிங்க. டவுன்பைப், கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர், பின்னாடி சைலன்சர்னு எல்லாத்தையும் ஃப்ரீயாக்கிட்டா ஸ்டாக் வேஸ்ட்கேட் ஓட்டை அந்தப் புகையை வெளிய விடப் பத்தாது. இதுக்கு ரேட்ஸ் நெஸ்ட்டைப் பிரிச்சுப் பயன் இல்ல, வேஸ்ட்கேட் ஓட்டையைப் பெருசாக்கணும், இல்ல எக்ஸாஸ்ட்ல கொஞ்சம் தடை திரும்ப வரணும்.

ஐடில் ஏறி இறங்குது

எஞ்சின் நல்லா சூடானப்பறம் ஐடில் 700லருந்து 750 ஆர்பிஎம், அப்ப கேஜ்ல 16லருந்து 18 இஞ்ச் வேக்குவம் இருக்கணும், போர்ட்டிங் பண்ணாத, அதாவது காத்து போற ஓட்டைகளைப் பெருசாக்காத எஞ்சினுக்கு. அதைவிட நல்லா கம்மின்னா லீக், இல்லன்னா கம்ப்ரெஷன் கவலை.

இந்த வண்டில காத்தை அளக்கற மீட்டர் கிடையாது, மேனிஃபோல்டு பிரஷரைப் பாத்துதான் பெட்ரோல் ஊத்துது. அதனால சின்ன லீக் இருந்தா எஞ்சின் திக்காது, ஐடில்தான் ஏறும். சிலர் ஐடில் ஸ்க்ரூவைத் திருகி இறக்கி வச்சிருப்பாங்க, அப்பறம் லீக் அடைச்சதும் வண்டி நின்னு நின்னு போகும். மூக்கு வளைஞ்ச பிளேயர்ல துணி சுத்தி ஹோஸை ஒவ்வொண்ணா லேசா நசுக்குங்க, எதை நசுக்கறப்ப ஐடில் மாறுதோ அந்த வழியில லீக். பிரேக் பூஸ்டருக்குப் போற தடி ஹோஸை விட்டுடாதீங்க, பிரேக் மிதி கெட்டியா இருந்துச்சுன்னா முதல்லயே அதைப் பாருங்க. கார்ப் கிளீனர் ஸ்ப்ரே அடிச்சுத் தேடறது பழைய பழக்கம், ஆனா பக்கத்துல செவக்கச் செவக்க டர்போ இருக்கறப்ப அது தீப்பிடிக்க வைக்கற வேலை. புகை விட்டுப் பாக்கற மெஷின் இருக்கற கடையில குடுத்துப் பாருங்க, அது நல்ல வழி.

பூஸ்ட் சரிதான், ஆனா கருப்புப் புகை, இல்ல மேல போறப்ப தடுமாறுது

இந்தப் பகுதியை மட்டும் அவசரமா படிக்காதீங்க. பூஸ்ட் சென்சாருக்குப் போற ஒத்தை ஹோஸ் இருக்கு. அதுல வெடிப்பு விழுந்தா ஐடில்ல சென்சார் உண்மையைவிடக் கூட பிரஷர் காட்டும், பெட்ரோல் அதிகம் ஊத்தும், கருப்புப் புகை, பிளக் கரி. இதுவரைக்கும் எரிச்சல்தான், ஆபத்து இல்ல. ஆனா அதே வெடிப்பு பூஸ்ட்ல உண்மையைவிடக் கம்மியாக் காட்டும். எஞ்சினுக்குள்ள 10 பிஎஸ்ஐ, ஈசியு நினைக்கறது 6, அதுக்குத்தான் பெட்ரோல். ரோட்டரி எஞ்சின் அப்படிப் பெட்ரோல் பத்தாம நாக் அடிச்சா (கலவை நேரங்கெட்டு வெடிச்சா) ரெண்டாவது வாய்ப்பே குடுக்காது, ரோட்டார் முனையில இருக்கற ஏபெக்ஸ் சீல் உடைஞ்சா எஞ்சினைப் பிரிக்க வேண்டியதுதான். ஈசியுவுக்குப் பூஸ்ட் தெரியாததால பெட்ரோல் கட்டும் வராது. அதனால அந்த ஹோஸ்ல டீ (மூணு வாய் ஜாயின்ட்) போட்டு பூஸ்ட் கேஜ் எடுக்கற பழக்கத்தை விட்டுடுங்க, கேஜுக்கு மேனிஃபோல்டுல வேற நிப்பிள் பாத்துக்கங்க.

பெட்ரோல் பிரஷர் ரெகுலேட்டர் ஹோஸும் இதே வகை. பூஸ்ட் எவ்ளோ ஏறுதோ அவ்ளோ பெட்ரோல் பிரஷரும் ஏறணும், ஹோஸ் கழண்டா ஏறாது. நடுவுல ஒரு சாலினாய்டும் இருக்கு, சூட்டுல திரும்ப ஸ்டார்ட் பண்றப்ப மட்டும் வேக்குவத்தை வெட்டி விடும். அது ஒட்டிக்கிட்டா பூஸ்ட் அந்தப் பக்கம் போய்ச் சேராது. இந்த ரெண்டு ஹோஸும் புதுசாவும் ஜிப் டை போட்டும் இல்லாத வண்டில முழு பூஸ்ட் டெஸ்ட்டே பண்ண வேணாம். முதல் வேலை இதுதான்.

ஆயில் டிப்ஸ்டிக் மேல வந்து நிக்குது

பிசிவி வால்வ், எஞ்சினுக்குள்ள சேர்ற ஆவியை இன்டேக்குக்குத் திருப்பி விடறது. பூஸ்ட் வர்றப்ப அது மூடிக்கணும், மூடலன்னா மேனிஃபோல்டு பிரஷர் நேரா எஞ்சினுக்குள்ள போய் டிப்ஸ்டிக்கைத் தள்ளிடும். வால்வை மாத்துங்க. இந்த ஹோஸுக்கு சிலிக்கான் போடாதீங்க, ஆயில் ஆவி, பெட்ரோல் ஆவி போற ஹோஸ்ல எல்லாம் அதுக்கேத்த ரப்பர்தான்.

பூஸ்ட் 10 காட்டுது, ஆனா மூச்சு முட்டுது

டபுள் த்ராட்டில். எஞ்சின் குளிர்ச்சியா இருக்கறப்ப மட்டும் மூடியிருக்க வேண்டிய ரெண்டாவது தட்டு, ஹோஸ் மாறிப் போனா சூடானப்பறமும் மூடியே கிடக்கும். அந்த ஆக்சுவேட்டர் ஹோஸை உருவி வாயை அடைச்சுட்டு ஓட்டிப் பாருங்க, சரியாச்சுன்னா விஷயம் அதான்.

சரி, பிரிக்கறதுன்னு முடிவாச்சு

மேல சொன்னதுல கோளாறு ரேட்ஸ் நெஸ்ட்டுக்குள்ளதான்னு தெரிஞ்சப்பறம்தான் மேல் மேனிஃபோல்டைக் கழட்டணும். எஞ்சின் முழுசா ஆறணும், பேட்டரி கழட்டணும், பெட்ரோல் லைன் பிரஷரை இறக்கணும். மேனிஃபோல்டு வந்ததும் கீழ இருக்கற ஓட்டைகள்ல சுத்தமான துணி அடைங்க, வேற எதைத் தொடறதுக்கும் முன்னாடி. ஒரு நட்டு உள்ள விழுந்தா அது ரோட்டாருக்குப் போற நேர் வழி.

எல்லா ஹோஸையும் ஒரேடியா உருவிப் போடாதீங்க. ஒண்ணை எடு, அளவு பாத்து வெட்டு, புதுசை மாட்டு, அப்பறம் அடுத்தது. முன்னாடி கை வச்சவங்க தப்பா மாட்டியிருக்கலாம், அதனால ஒவ்வொண்ணையும் படத்தோட ஒத்துப் பாத்துட்டே போங்க. வழியில வேலைக்குக் கழட்டற கனெக்டர்கள்லயும் நம்பர் ஒட்டுங்க. சாலினாய்டு கனெக்டர்கள் நிறைய ஒண்ணுக்கொண்ணு மாத்தி மாட்டினாலும் உக்காந்துக்கும், வயர் கலர் மட்டும்தான் வித்தியாசம், ரெண்டு மாறிப் போச்சுன்னா மேல எழுதின எந்த அறிகுறிக்கும் ஒத்து வராத ஒரு கோளாறு வரும்.

பழைய ஹோஸை இழுக்காதீங்க. அது நிப்பிளோட ஒட்டிப் போயிருக்கும், இழுத்தா ஹோஸ் வராது, சாலினாய்டோட பிளாஸ்டிக் நிப்பிள் கையோட வந்துடும். பிளேடால ஹோஸ் நீளவாட்டுல மேலோட்டமா ஒரு கீறல், நிப்பிள்ல பிளேடு படக் கூடாது, பட்டா அந்தக் கோடு வழியாவே பின்னாடி கசியும். கீறினப்பறம் நகத்தால பிரிச்சா தோல் உரியற மாதிரி வந்துடும்.

புது ஹோஸ் பெரும்பாலும் 4 மில்லிமீட்டர், கொஞ்சம் 6. சுவர் தடிமனான சிலிக்கான் வாங்குங்க, மெலிசா இருக்கறது வேக்குவத்துல சப்பிடும், வளைவுல மடியும். மேனிஃபோல்டு மேல வந்து உக்காந்தா எந்த ஹோஸ் நசுங்கும்னு கையை வச்சு யோசிச்சுப் பாத்து ரூட் பண்ணுங்க. ஒவ்வொரு முனைக்கும் ஜிப் டை, ரொம்ப இறுக்க வேணாம், சிலிக்கான் அறுந்துடும்.

சாலினாய்டு டெஸ்ட்: 12 வோல்ட் குடுத்தா டக்குனு சத்தம் வரணும்னு மட்டும் பாத்து விடாதீங்க. ஊதிப் பாருங்க, கரண்ட் குடுக்கறப்பவும் எடுக்கறப்பவும் காத்துப் போற வழி மாறணும். டக்குனு சத்தம் வந்தும் ரெண்டு வழியும் லேசா கசியற சாலினாய்டுதான் ஆளைச் சுத்த விடறது. பக்கத்துல பெட்ரோல் ஹோஸ்களும் தெரியும், அதே வயசு, அதே சூடு, கையோட மாத்திடுங்க. கூலண்ட்டுக்கு இருக்கற பிளாஸ்டிக் ஏர் செப்பரேட்டர் டேங்க்கும் வெடிச்சு எஞ்சினைக் காலி பண்றதுல பேர் போனது, உங்க வண்டில இன்னும் அது இருந்தா அலுமினியத்துக்கு மாறிடுங்க.

எல்லாம் மாட்டினப்பறம், மேனிஃபோல்டைப் பூட்டறதுக்கு முன்னாடி, ஒவ்வொரு ஆக்சுவேட்டரையும் அதோட சாலினாய்டு பக்கத்துலருந்து பம்பால இழுத்துப் பாருங்க, ராட் ஆடணும். அப்பறம் பூட்டி, டர்போ வாயில மூடி போட்டு, பிசிவி பக்க ஹோஸையும் அடைச்சு, 5 பிஎஸ்ஐ காத்து ஏத்திக் கேளுங்க. எக்ஸாஸ்ட் வழியா உஸ்ஸுனு போறது ரோட்டார் நிக்கற இடத்தைப் பொறுத்து வரும், கிராங்கைக் கொஞ்சம் திருப்பினா மாறும், அதை லீக்னு நினைச்சு மறுபடி பிரிச்சுடாதீங்க. இன்டர்கூலர் ரப்பர் ஜாயின்ட்கள்ல சத்தம் வந்தா மட்டும் கிளாம்ப் இறுக்குங்க. அடைச்சதையெல்லாம் எடுத்துட்டு, முதல் ஓட்டம் பாதி ஆக்சிலேட்டர்ல, சென்சார் ஹோஸும் ரெகுலேட்டர் ஹோஸும் இடத்துலயே இருக்கான்னு பேனட்டைத் திறந்து ஒரு தடவை பாத்துட்டு, அப்பறம்தான் மூணாவது கியர்ல முழு மிதி. மேஜையில ரெஸ்ட்ரிக்டர் துண்டோ செக் வால்வோ ஒண்ணு மிச்சம் கிடந்துச்சுன்னா சாவியையே போடாதீங்க.